டோக்கியோ எழுதிவைத்த கணக்கு

கண்டங்களின் சாம்பியன் கிளப்புகள் ஒன்றோடொன்று மோதும் கால்பந்துப் போட்டியைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். உலகின் தலைசிறந்த கிளப் எது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் போட்டி என்று அதை நடத்துகிறவர்கள் சொல்வார்கள். அந்த விசாரணையை இன்று அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். அதைவிடச் சுவையான ஒரு புதிர் இந்தப் போட்டியின் பழைய பட்டியலில் கிடக்கிறது. 1960 முதல் 1994 வரை 33 முறை இந்தப் பட்டம் கொடுக்கப்பட்டது. தென்னமெரிக்கக் கிளப்புகள் 20 முறை வென்றன. ஐரோப்பியக் கிளப்புகள் 13 முறை. 1995 முதல் 2023 வரை, பழைய இன்டர்கான்டினென்டல் கோப்பையையும் ஃபிஃபா நடத்திய கிளப் உலகக் கோப்பையையும் சேர்த்து எண்ணினால், 30 பட்டங்கள். ஐரோப்பாவுக்கு 24, தென்னமெரிக்காவுக்கு 6. மற்றக் கண்டங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரு தலைமுறை முழுக்க முன்னால் நின்றவர்கள் அடுத்த தலைமுறையில் ஏன் இப்படிப் பின்னால் போனார்கள்? பியூனஸ் அயர்ஸிலும் சாவ் பாலோவிலும் பந்தாட மறந்துபோய்விட்டார்களா? மறக்கவில்லை என்பதுதான் என் வாதம். ஆடத் தெரிந்தவர்கள் வேலை பார்க்கும் இடம் மாறியது. கோப்பை அவர்கள் பின்னாலேயே போனது. இந்தப் போட்டியை யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று அளக்கும் கோலாக எடுத்துக்கொள்ளாமல், ஆட்டக்காரரை யாரால் தன்னிடம் வைத்துக்கொள்ள முடிகிறது என்று காட்டும் கணக்கேடாகப் படித்தால், அதன் அறுபத்தைந்து ஆண்டு வரலாறு தெளிவாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியக் கோப்பையை வென்ற கிளப்பும் தென்னமெரிக்காவின் கோப்பா லிபெர்ட்டடோரஸை வென்ற கிளப்பும் ஒருவர் ஊரில் ஒரு ஆட்டம், மற்றவர் ஊரில் ஒரு ஆட்டம் என்று ஆடுவது 1960இல் தொடங்கியது. உருகுவேயின் பெனியரோல், மொன்டேவிடியோவில் ரியல் மாட்ரிட்டை கோல் இல்லாமல் தடுத்து நிறுத்தியது. மாட்ரிட்டில் 5-1 என்று தோற்றது. அடுத்த ஆண்டே பெனியரோல் பென்ஃபிகாவை வென்றது. 1962இல் பெலேயின் சான்டோஸ், லிஸ்பனுக்கே போய் அதே பென்ஃபிகாவை 5-2 என்று புரட்டியெடுத்தது; பெலே மூன்று கோல் போட்டார். அறுபதுகளின் பிற்பாதியில் இந்தப் போட்டிக்குக் கெட்ட பெயர் வந்தது. 1967இல் செல்டிக் கோல்கீப்பர் ரோனி சிம்சன், அவெயனெடாவில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கூட்டத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று தலையில் பட்டுக் கீழே விழுந்தார். மொன்டேவிடியோவில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் ஆறு பேர் வெளியேற்றப்பட்டார்கள். 1969இல் எஸ்டுடியான்டெஸ் ஆட்டக்காரர்கள் மிலானிடம் நடந்துகொண்ட விதத்துக்காக, அவர்களில் மூவரை அர்ஜென்டினாவின் சொந்த ராணுவ அரசே சிறையில் வைத்தது. இதற்குப் பிறகு ஐரோப்பியர்கள் பயணத்தைத் தவிர்க்கத் தொடங்கினார்கள். அயாக்ஸ், பயர்ன் மியூனிக், லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் எல்லாம் வெவ்வேறு ஆண்டுகளில் வரமாட்டோம் என்று சொன்ன கிளப்புகள். இறுதி ஆட்டத்தில் தோற்றவர்கள் அவர்களுக்குப் பதிலாகப் போனார்கள். அப்படித்தான் 1974ஆம் ஆண்டுக் கோப்பையை, ஐரோப்பியக் கோப்பையையே வெல்லாத அட்லெட்டிகோ மாட்ரிட் வாங்கிக்கொண்டு போனது. 1975, 1978 ஆண்டுகளில் போட்டியே நடக்கவில்லை.

செத்துக்கொண்டிருந்த இந்தப் போட்டியைக் காப்பாற்றியது ஒரு கார் கம்பெனி. 1980ஆம் ஆண்டுக்கான கோப்பையிலிருந்து டொயோட்டாவின் ஆதரவில், டோக்கியோவின் தேசிய மைதானத்தில், ஒரே ஒரு ஆட்டம் என்று ஏற்பாடு மாறியது. சிறந்த ஆட்டக்காரருக்கு ஒரு கார் பரிசு. கோப்பையைவிடச் சாவியோடு நிற்கும் படம்தான் அதிகம் அச்சானது என்று தோன்றும்! ஆனால் அந்த விளம்பரதாரர், தனக்கே தெரியாமல், நமக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறார். எங்கிருந்து பார்த்தாலும் பாரபட்சம் இல்லாத ஒரு பரிசோதனையை அவர் இருபத்தைந்து ஆண்டுகள் நடத்தி வைத்தார். பொது மைதானம். இரு பக்கத்துக்கும் நீண்ட பயணம், புரண்டுபோன தூக்கம். ஒரே ஆட்டம். மிரட்டும் உள்ளூர்க் கூட்டம் இல்லை. தென்னமெரிக்காவின் பழைய வெற்றிகளெல்லாம் காலை வாரிவிட்டும் கல்லெறிந்தும் கிடைத்தவை என்று சொல்வோருக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. டோக்கியோவின் முதல் பதினைந்து ஆட்டங்களில், அதாவது 1980 முதல் 1994 வரைக்குமான கோப்பைகளில், தென்னமெரிக்கா 10, ஐரோப்பா 5. அடுத்த பத்து ஆட்டங்களில் தென்னமெரிக்கா 2, ஐரோப்பா 8. அதே நாடு, அதே விளம்பரதாரர், அதே விதி. கடைசி மூன்று ஆட்டங்கள் மட்டும் பக்கத்திலிருக்கும் யோகோஹாமாவுக்குப் போயின. எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் பரிசோதனை என்றால், 1995ஐ ஒட்டி மாறிய அந்த ஒன்று எது என்று தேட வேண்டும்.

வழக்கமாக வரும் விடை இது: ஐரோப்பியர்கள் அந்தக் காலத்தில் இந்தக் கோப்பையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பானுக்குச் சுற்றுலாப் போவதுபோலப் போனார்கள், தோற்றுவிட்டு வந்தார்கள் என்பார்கள். எழுபதுகளுக்கு இந்த விளக்கம் பொருந்தும். வராமலே இருந்தவர்களைப் பற்றி வேறென்ன சொல்வது! ஆனால் 1995ஐத் தாண்டி இந்த விளக்கத்தால் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது. அலட்சியம்தான் காரணம் என்றால், அந்த அலட்சியம் திடீரென்று 1995இல் அக்கறையாக மாறியது என்று நிரூபிக்க வேண்டும். பயணம் குறையவில்லை. ஐரோப்பிய லீக்குகளின் நெரிசலான டிசம்பர் மாதமும் நகரவில்லை. அரிகோ சாக்கியின் மிலான் 1989இல் அட்லெட்டிகோ நாசியோனலோடு 119ஆவது நிமிடம் வரை முட்டி மோதி ஒரே ஒரு கோலில் வென்றது. சுற்றுலா வந்தவர்கள் அப்படி உழைப்பதில்லை. 1992இல் ஜோஹன் க்ராய்ஃப் கொண்டுவந்த பார்சிலோனா, முதல் கோலைப் போட்டுவிட்டுப் பிறகு சாவ் பாலோவிடம் 2-1 என்று தோற்றது. 1994இல் ஏதென்ஸில் பார்சிலோனாவை 4-0 என்று நசுக்கிய மிலான், டிசம்பரில் டோக்கியோவுக்கு வந்தபோது பியூனஸ் அயர்ஸின் பேட்டைக் கிளப்பான வேலெஸ் சார்ஸ்ஃபீல்டிடம் 2-0 என்று தோற்றது. பரேசி, மால்தினி, தெசாயி எல்லாரும் ஆடிய மிலான் அது. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொன்னால், அது தோற்றவர்களுக்கு நாம் பிறகு எழுதிக்கொடுக்கும் மருத்துவச் சான்றிதழ் மாதிரிதான்.

மாறியது சட்டம். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், பெல்ஜிய ஆட்டக்காரர் ஜான்-மார்க் பொஸ்மான் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்தவர் எந்தத் தொகையும் கட்டாமல் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போகலாம் என்பது ஒன்று. ஐரோப்பிய ஒன்றிய நாட்டினரை வெளிநாட்டார் என்று எண்ணிக்கை வைத்துத் தடுக்கக் கூடாது என்பது இரண்டாவது. நம் கதைக்கு இரண்டாவதுதான் முக்கியம். அதற்கு முன்னால் கதவு எவ்வளவு இறுக்கமாகச் சாத்தியிருந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்ப்பதே கடினம். இத்தாலி அறுபதுகளின் நடுவிலிருந்து 1980 வரை வெளியிலிருந்து புதிய ஆட்டக்காரரை எடுக்கவே விடவில்லை. திறந்தபோதும் கிளப்புக்கு ஒருவர் என்றுதான் தொடங்கியது. ஸ்பெயின் 1973 வரை மூடியே வைத்திருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களில் மூன்று வெளிநாட்டார், நெடுநாள் அங்கேயே ஆடியதால் உள்ளூர்க்காரராகக் கருதப்பட்ட இருவர், அவ்வளவுதான். தீர்ப்புக்குப் பிறகு நெதர்லாந்துக்காரரும் பிரெஞ்சுக்காரரும் எண்ணிக்கையிலிருந்து விடுபட்டார்கள். அவர்கள் விட்ட இடங்களில் பிரேசில்காரரும் அர்ஜென்டினாக்காரரும் உட்கார்ந்தார்கள். தாத்தா இத்தாலியிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ கப்பலேறி வந்தவர் என்று காட்ட முடிந்தவர்களுக்கு அந்த இடமும் தேவைப்படவில்லை, பாஸ்போர்ட்டே கிடைத்தது. நூறாண்டுக்கு முன் பிழைப்புத் தேடி தென்னமெரிக்கா போன குடும்பங்களின் பேரன்கள், பந்தோடு திரும்பிப் போனார்கள்.

கறாராகத் தேதி பார்க்கிறவர்கள் இங்கே ஒரு தடை எழுப்பலாம், நியாயமான தடைதான். ஐரோப்பாவின் புதிய வரிசையில் முதல் வெற்றியான அயாக்ஸின் 1995 வெற்றி, தீர்ப்புக்குப் பதினேழு நாள் முன்னாலேயே கிடைத்துவிட்டது. அதுவும் தானே வளர்த்த பையன்களை வைத்து, பெனால்ட்டியில். அதை என் கணக்கில் சேர்க்க எனக்கு உரிமையில்லை, விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த அயாக்ஸுக்குப் பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். எட்கர் டாவிட்ஸும் மிஷேல் ரைசிகரும் 1996இல் மிலானுக்குப் போனார்கள், 1997இல் பாட்ரிக் க்ளைவெர்ட் போனார். மூவருக்காகவும் அயாக்ஸுக்கு ஒரு காசு வரவில்லை. ஆக, அடி விழுந்தது தென்னமெரிக்காவுக்கு மட்டுமல்ல. பொஸ்மானுக்கு முந்தைய ஐரோப்பிய வெற்றியாளர் பட்டியலில் ராட்டர்டாமின் ஃபெயனூர்ட் இருக்கிறது, ஆம்ஸ்டர்டாம் இருக்கிறது, போர்ச்சுகலின் போர்ட்டோ இருக்கிறது, பெல்கிரேடின் ரெட் ஸ்டார் இருக்கிறது. 2004இல் பழைய கோப்பையின் கடைசி ஆட்டத்தைப் போர்ட்டோ வென்றது. அதற்குப் பிறகு 2005 முதல் 2023 வரை ஐரோப்பா வென்ற பதினாறு பட்டங்களும் ஸ்பெயின், இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளுக்குள் முடிந்துவிட்டன. ஐரோப்பா வென்றது என்று நாம் சொல்வதே பாதி உண்மைதான். பெல்கிரேடும் ஆம்ஸ்டர்டாமும் போர்ட்டோவும் இந்தக் கணக்கில் மொன்டேவிடியோ பக்கம் நிற்கின்றன.

இன்னொரு தடை கனமானது. ஆட்டக்காரர் இடம்பெயர்வு ஒரு பக்கம் இருக்கட்டும், ஐரோப்பியக் கால்பந்து உண்மையிலேயே வளர்ந்துவிட்டது. பயிற்சி, உடல்தகுதி, வியூகம் எல்லாவற்றிலும் முன்னேறிவிட்டது, அதனால் வென்றது என்று சொல்லலாம். வளர்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் வளர்ச்சியையும் இடப்பெயர்ச்சியையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கிளப் என்பது வேலை பார்க்கும் இடம். நாட்டு அணி என்பது பிறந்த இடம். ஐரோப்பியரின் ஆட்ட அறிவு உயர்ந்ததுதான் காரணம் என்றால், நாடுகள் மோதும் உலகக் கோப்பையிலும் அதே சரிவு தெரிய வேண்டும். 1994 முதல் 2022 வரை எட்டு உலகக் கோப்பைகள்: பிரேசில் இரண்டு, அர்ஜென்டினா ஒன்று, மீதி ஐந்து ஐரோப்பாவுக்கு. அங்கே மூன்றுக்கு ஐந்து. இங்கே ஆறுக்கு இருபத்து நான்கு. பிறந்த இடத்தின்படி அணி பிரித்தால் ஏறத்தாழ ஈடுகொடுக்கிறார்கள், வேலை இடத்தின்படி பிரித்தால் காணாமல் போகிறார்கள். இன்னும் கூர்மையாகக் காட்ட இரண்டு பட்டியல்கள் போதும். 1978இல் அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றபோது, அந்த அணியில் வெளிநாட்டுக் கிளப்பில் ஆடியவர் மரியோ கெம்பெஸ் ஒருவர் மட்டும். 2022இல் அதே நாடு வென்றபோது, இருபத்தாறு பேரில் அர்ஜென்டினக் கிளப்பில் ஆடியவர் ரிவர் பிளேட்டின் கோல்கீப்பர் ஃப்ராங்கோ அர்மானி ஒருவர் மட்டும். இரண்டு முறையும் கோப்பை ஒரே நாட்டுக்குப் போனது. நாற்றங்கால் அதே ஊரில்தான் இருக்கிறது; நடவும் அறுப்பும் வேறு ஊரில் நடக்கின்றன.

இதை இழந்துபோன பொற்காலத்துக்கான ஒப்பாரியாக யாரும் கேட்டுவிடக் கூடாது. பழைய ஏற்பாட்டில் ஒரு பெரிய அநியாயம் இருந்தது. பிரேசிலில் 'பாசே' என்றொரு முறை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரின் பதிவுரிமை கிளப்பிடமே இருக்கும். கிளப் விட்டால்தான் அவர் வேறிடம் போகலாம். நம் ஊர்ப் பண்ணையாள் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதை ஒழித்த 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பெலேயின் பெயர்தான் வழங்குகிறது; அவர் அப்போது விளையாட்டுத் துறை அமைச்சர். சான்டோஸின் பெருமைக்கெல்லாம் பெருமையாக இருந்தவரே, சான்டோஸ் மாதிரி கிளப்புகள் ஆட்டக்காரர்களைப் பிடித்து வைத்திருந்த கயிற்றை அறுத்தார். சரியாகத்தான் செய்தார். ஆகவே அந்தப் பழைய 20-13 என்ற கணக்கில், தென்னமெரிக்கா பெருமைப்படும் ஒவ்வொரு வெற்றிக்கும் பின்னால் விரும்பியும் போக முடியாதவர்களின் உழைப்பு கொஞ்சம் இருக்கிறது. ஆட்டக்காரர் நல்ல சம்பளம் தேடிப் போவது அவர் உரிமை. நான் கேட்பதெல்லாம், போன பிறகு விளைவைப் பார்த்து ஒரு கண்டம் உயர்ந்தது, ஒரு கண்டம் தாழ்ந்தது என்று தீர்ப்பெழுதாதீர்கள் என்பதுதான்.

இந்தப் பார்வையில் பார்த்தால் விதிவிலக்குகளும் விதிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 1981இல் லிவர்பூலை 3-0 என்று வென்ற ஃப்ளமெங்கோவில் ஜிக்கோ இருந்தார். அவர் இத்தாலியின் உடினேசேக்குப் போக இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. 1992இல் சாவ் பாலோவின் இரண்டு கோலையும் போட்ட ராயி, அடுத்த ஆண்டு பாரிஸுக்குப் போனார். 2000இல் ரியல் மாட்ரிட்டை வென்ற போக்கா ஜூனியர்ஸின் இரண்டு கோலையும் போட்ட பலெர்மோ, ஓரிரு மாதங்களில் ஸ்பெயினில் இருந்தார். ரிகெல்மே 2002இல் போனார். பிந்தைய தென்னமெரிக்க வெற்றி ஒவ்வொன்றும், வண்டி கிளம்புவதற்குச் சற்று முன்னால் எடுத்த குழுப் படம் போல இருக்கிறது. 2011இல் நெய்மாரின் சான்டோஸ் பார்சிலோனாவிடம் 4-0 என்று தோற்றது. இரண்டே ஆண்டில் நெய்மார் பார்சிலோனா சட்டையில் இருந்தார். மற்றக் கண்டங்களிலும் இதே விதிதான். 2010இல் இன்டர்நாசியோனலை 2-0 என்று வீழ்த்தி, இந்த இரு கண்டங்களுக்கு வெளியிலிருந்து இறுதி ஆட்டத்துக்கு வந்த முதல் கிளப் காங்கோவின் டிபி மசெம்பே. லுபும்பாஷியின் சுரங்கப் பணம் புழங்கிய வட்டாரத்தில், செல்வரான மொயிஸ் கட்டும்பியின் ஆதரவில் வளர்ந்த கிளப் அது. ஆப்பிரிக்கக் கிளப்புகள் பலவற்றால் முடியாதபடி நல்ல சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை ஊரிலேயே வைத்திருந்தது. கோல்கீப்பர் கிடியாபா உட்கார்ந்தபடியே துள்ளித் துள்ளி நகர்ந்ததுதான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்தத் துள்ளலுக்குப் பின்னால் ஒரு சம்பளப் பட்டியல் இருந்தது.

இப்போது 2025க்கு வருகிறேன். ஃபிஃபா போட்டியை அடியோடு மாற்றி, 32 கிளப்புகள், 63 ஆட்டங்கள், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆக்கி, ஜூன் 14 முதல் ஜூலை 13 வரை அமெரிக்காவில் நடத்தியது. சாம்பியன்களின் போட்டி என்ற பெயர் கொஞ்சம் நீர்த்துப்போனது உண்மைதான். ஐரோப்பாவின் பன்னிரண்டு இடங்களில் பெரும்பகுதி தரவரிசைப்படி நிரப்பப்பட்டது. நாட்டுக்கு இரண்டு என்ற வரம்பால் பார்சிலோனாவும் லிவர்பூலும் வெளியே நிற்க, சால்ஸ்பர்க் உள்ளே வந்தது. மெஸ்ஸி ஆடும் இன்டர் மயாமிக்குப் போட்டி நடத்தும் நாட்டின் இடம் கிடைத்தது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஆட்டங்கள் கூடியதால் பழைய ஒற்றை ஆட்டத்தில் தெரியாதது தெரிந்தது. பிரேசிலின் நான்கு கிளப்புகளும் முதல் சுற்றைத் தாண்டின. சில வாரங்களுக்கு முன்தான் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்த பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னைப் பொடாஃபோகோ 1-0 என்று வென்றது. ஃப்ளமெங்கோ செல்சியை 3-1 என்று வென்றது. ஃப்ளுமினென்ஸே இன்டர் மிலானை 2-0 என்று அனுப்பி வைத்துவிட்டு அரையிறுதி வரை போனது. சவூதியின் அல் ஹிலால், மான்செஸ்டர் சிட்டியைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்றது. இது என் வாதத்தைக் குலைக்கிறதா? இல்லை, உறுதிப்படுத்துகிறது. பிரேசில் கிளப்புகளின் வருமானம் அண்மை ஆண்டுகளில் ஏறியிருக்கிறது. கிளப்பைக் கம்பெனியாக மாற்ற 2021இல் சட்டம் வந்தது, பொடாஃபோகோவை ஓர் அமெரிக்கர் வாங்கினார். ஃப்ளமெங்கோவால் ஜோர்ஜினியோ, டனிலோ போன்றவர்களை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவர முடிந்தது. நாற்பது வயது தியாகோ சில்வா ஃப்ளுமினென்ஸேயின் தடுப்பரணாக நின்றார். அல் ஹிலாலுக்கோ அப்போது சவூதி அரசின் முதலீட்டு நிதியமே பெரும்பான்மை உரிமையாளர். அந்த அணியின் பாதிப் பேர் ஐரோப்பாவிலிருந்து விலைக்கு வந்தவர்கள். ஆட்டக்காரர் எந்தப் பக்கம் நகர்கிறாரோ அந்தப் பக்கம் முடிவும் நகர்கிறது. இவ்வளவு துல்லியமாக நகரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. ஆப்பிரிக்காவின் நான்கு கிளப்புகளும் முதல் சுற்றோடு திரும்பியதையும் இதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 2022 உலகக் கோப்பையின் அரையிறுதிவரை மொராக்கோ போனது. அந்த அணியின் பெரும்பாலோர் சம்பளம் வாங்குவது ஐரோப்பாவில்.

வெயிலால்தான் ஐரோப்பியர்கள் தடுமாறினார்கள், நீண்ட பருவத்தின் கடைசியில் களைத்து வந்திருந்தார்கள் என்று சிலர் அப்போதே சொன்னார்கள். நடுப்பகல் வெயிலில் சில ஆட்டங்கள் கொடுமையாக இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் டிசம்பரில் டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் ஆடிய நாட்களில், தென்னமெரிக்கர்கள்தான் ஓராண்டு முழுக்க ஆடிக் களைத்த நிலையில் வந்தார்கள். ஐரோப்பியர்கள் பருவத்தின் நடுவில் சூடாக இருந்தார்கள். அப்போது யாரும் தோற்றவருக்குத் தள்ளுபடி கொடுத்ததாக நினைவில்லை. இடைவெளி மூடிவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. அரையிறுதிக்கு வந்த நால்வரில் மூவர் ஐரோப்பியர். இறுதி ஆட்டத்தில் செல்சி பாரிஸை 3-0 என்று வென்றது.

கணக்கேடு என்றேன் அல்லவா, பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2025 போட்டிக்கு ஃபிஃபா ஒதுக்கிய பரிசுப் பணம் 100 கோடி டாலர். அதில் 52.5 கோடி, வெறுமனே கலந்துகொள்வதற்கான தொகை. அந்தத் தொகை முகவரியைப் பார்த்துப் பிரிக்கப்பட்டது. ஐரோப்பியக் கிளப் ஒன்றுக்கு 1.281 கோடி டாலரிலிருந்து 3.819 கோடி வரை. தென்னமெரிக்கக் கிளப்புக்கு 1.521 கோடி. ஆப்பிரிக்கா, ஆசியா, வட அமெரிக்கக் கிளப்புக்கு 95.5 லட்சம். ஓசியானியாவின் ஆக்லாண்ட் சிட்டிக்கு 35.8 லட்சம். ஆப்பிரிக்காவின் சாம்பியன் பட்டத்தைப் பன்னிரண்டு முறை வென்ற கெய்ரோவின் அல் அஹ்லியைவிட, ஐரோப்பாவின் கடைசி இடத்துக் கிளப்புக்குக் கூடுதல் பணம், பந்தைத் தொடுவதற்கு முன்னாலேயே! படிப்புக்கும் வேலைக்கும் நடுவே ஆடுபவர்களைக் கொண்ட ஆக்லாண்ட் சிட்டி, பயர்ன் மியூனிக்கிடம் 10-0 என்று தோற்றது. பிறகு போக்கா ஜூனியர்ஸை 1-1 என்று தடுத்து நிறுத்தியது. அந்த ஒரு சமநிலைக்குக் கிடைத்த 10 லட்சம் டாலர்தான் அவர்கள் ஆடிச் சம்பாதித்தது. தொலைக்காட்சிப் பணம் ஐரோப்பியக் கிளப்புகளைப் பார்க்கத்தானே வருகிறது, அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்பார்கள். வியாபாரக் கேள்வியாக அது சரி. ஆனால் பார்வையாளர் பார்க்க வருவது கிளப்பின் பெயர்ப்பலகையையா, ஆட்டக்காரரையா? வினீசியஸ் ஜூனியரை ஃப்ளமெங்கோ வளர்த்தது, ரோட்ரிகோவைச் சான்டோஸ் வளர்த்தது. ரியல் மாட்ரிட் என்ற அந்தக் கவர்ச்சியில் ஒரு பகுதி ரியோவிலும் சான்டோஸ் துறைமுகத்திலும் விளைந்தது.

ஆட்டக்காரரின் உழைப்புக்கு உரியவர் இன்னொருவரும் உண்டு என்பதை ஃபிஃபா ஏற்கெனவே இரண்டு இடங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து வேறு நாட்டுக்கு விற்கப்படும்போது, பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்துமூன்று வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு விலையில் 5 விழுக்காடு போக வேண்டும் என்று விதி இருக்கிறது. நாடுகளின் உலகக் கோப்பைக்கு ஆட்டக்காரரை அனுப்பும் கிளப்புகளுக்கு இழப்பீடு உண்டு, 2022க்கு 20.9 கோடி டாலர் கொடுத்தார்கள். நாட்டு அணிக்காக ஆடும்போது கிளப்புக்குப் பங்கு உண்டென்றால், கிளப் உலகக் கோப்பையில் ஆடும்போது வளர்த்த கிளப்புக்கு ஏன் பங்கு இருக்கக் கூடாது? கலந்துகொள்ளும் தொகையான அந்த 52.5 கோடியில் ஒரு பகுதியை முகவரிப்படி பிரிக்காமல், களத்தில் இறங்கியவர்கள் எங்கே வளர்ந்தார்கள் என்று பார்த்துப் பிரிக்கலாம். பதிவேடுகள் இருக்கின்றன, 5 விழுக்காட்டைக் கணக்கிட இப்போதே அவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். போட்டிக்கு வராத கிளப்புகளுக்கும் சேர்த்து 25 கோடி டாலர் உதவித் திட்டம் ஒன்றை ஃபிஃபா அறிவித்தது. உதவி என்பது கொடுப்பவர் மனம். பங்கு என்பது வாங்குபவர் உரிமை. இந்தப் போட்டியால் ஆட்டக்காரருக்கு ஓய்வே இல்லை என்று அவர்களின் சங்கமான ஃபிஃப்ப்ரோவும் ஐரோப்பிய லீக்குகளும் 2024இல் ஐரோப்பிய ஆணையம் வரை போயிருக்கின்றன. ஓய்வைப் பற்றிய அவர்கள் குறை உண்மையானது. அதற்கு மருந்து ஐரோப்பிய நாட்காட்டியில் கை வைப்பதில் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு பெருகும் அந்த ஆட்டங்களை விட்டுவிட்டு, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆக்லாண்டும் கெய்ரோவும் ரியோவும் உள்ளே வரும் ஒரே வாசலை மட்டும் சாத்தச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

பட்டங்களைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. 1960 முதல் 2004 வரை வென்றவர்களையெல்லாம் உலகச் சாம்பியன்கள் என்று ஃபிஃபா முறைப்படி ஏற்றுக்கொண்டது 2017 அக்டோபர் 27 அன்று. கூட்டம் நடந்த ஊர் நம் கொல்கத்தா. பெலேயின் சான்டோஸுக்கு அந்தப் பட்டம் ஹூக்ளிக் கரையில் உறுதியானது. நூற்றாண்டு கண்ட கிளப்புகள் இருக்கும் அந்த ஊரிலிருந்து இன்றுவரை ஒரு கிளப்கூட இந்தப் போட்டியில் ஆடியதில்லை.

2025இல் நடந்த இரண்டு ஆட்டங்களைச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். ஜூலை 4, ஃபிலடெல்பியா, காலிறுதி: செல்சிக்கு எதிராகப் பால்மெய்ராஸின் ஒரே கோலை எஸ்டெவாவ் என்ற பதினெட்டு வயதுப் பையன் போட்டான். ஓராண்டுக்கு முன்பே அவனைச் செல்சி வாங்கியிருந்தது. அவன் கோல் போட்டது தன் வருங்கால முதலாளிக்கு எதிராக. செல்சி 2-1 என்று வென்றது. நான்கு நாள் கழித்து நியூ ஜெர்சியில் அரையிறுதி. ஃப்ளுமினென்ஸே 2-0 என்று தோற்றது. இரண்டு கோலையும் போட்டவர் ஜோவாவ் பெட்ரோ. ஃப்ளுமினென்ஸேயின் பயிற்சிப் பள்ளியில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர், செல்சிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இரண்டு முறையும் அவர் கொண்டாடவில்லை. தன்னை வளர்த்தவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஆட்டக் குறிப்பில் அந்த இரண்டு கோல்களும் செல்சியின் கணக்கில்தான் ஏறியிருக்கின்றன.